வயருக்கு மீறிய வேகம்

அந்த நெட்வொர்க் வயர் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் நொடிக்கு நூற்றுப்பத்து எம்.பி.க்கு மேல் கொண்டுபோகாது. திரையிலோ முந்நூறு என்று காட்டியது.

எடிட்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். முந்நூற்று நாற்பது. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவன் அவன். ஃபைல் மெதுவாகப் போகிறதென்று திட்டியே பாதி ஆயுளைக் கழித்தவன். வேகமாகப் போகிறதே என்று பயந்தது இதுதான் முதல் தடவை.

மழை இருட்டில் சாயங்காலமே அறை மங்கிப்போயிருக்க, பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் காலையிலிருந்தே இழுத்துக்கொண்டு கிடந்தது. தரையை நகத்தால் கீறுவது போல உள்ளேயிருந்து ஒரு சத்தம், கூடவே சூடான பிளாஸ்டிக் வாடை. அதில்தான் வாண்டு இருந்தாள், அவனுடைய ஒரே மகள். போன வருஷம் ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். பிறந்த நாளிலிருந்து அவன் எடுத்த அத்தனை வீடியோவும் அந்த ஒரு டிஸ்க்கில்தான். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் இரண்டு பிரதி எடுத்து வைக்கிற மகானுபாவன், சொந்தப் பெண்ணுக்கு ஒன்று எடுக்கவில்லை.

மத்தியானம் வரை ஆமை வேகம், நொடிக்கு வெறும் பதினொன்று. இப்படிப் போனால் டிஸ்க் பாதியில் மூச்சை விட்டுவிடும். நனைந்துகொண்டே ஓடிப்போய், கம்ப்யூட்டர்களை இணைக்கிற புது கிகாபிட் சுவிட்சும் நல்ல வயரும் வாங்கி வந்தான். டிவி, பிரிண்டர் என்று லைனில் தொங்கிய எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டு, வாண்டுவின் அறையில் வைத்திருந்த புது ஸ்டோரேஜ் பெட்டிக்கு நேராக இழுத்தான். அப்புறம்தான் கை சொதப்பியது. கேமரா கார்டு காலியாகட்டும் என்று தினமும் போடுகிற 'மூவ்' பழக்கம். இன்றும் 'காப்பி'க்குப் பதில் அதையே போட்டுவிட்டான். அங்கே போய்ச் சேர்கிற ஒவ்வொன்றும் இங்கே அழிந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"எல்லாம் வந்துடுச்சாங்க?"

"வந்துட்டே இருக்கும்மா. கால் பாகம் போயிடுச்சு."

"ஒண்ணும் அழிஞ்சிடாதுல்ல? அவ குரலே மறந்துபோற மாதிரி இருக்குங்க. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்க்கிறேன், வர மாட்டேங்குது."

"அழியாது. நீ பதறாம வா."

"பஸ் ஏறிட்டேன்."

போனை வைத்துவிட்டுப் பெட்டியின் ஃபோல்டரைத் திறந்தான். காலி. ரீஃப்ரெஷ் செய்தான். காலி. இங்கே கால் பாகம் அழிந்திருந்தது, அங்கே ஒன்றுகூடச் சேரவில்லை. பாய்ந்து சுவிட்சிலிருந்து வயரைப் பிடுங்கினான்.

வேகம் குறையவில்லை. ஐந்நூறு.

அப்போது பக்கத்திலிருந்த வாண்டுவின் அறையில், சாத்திய கதவுக்குப் பின்னால், ஒரு கைக்குழந்தை அழுதது.

பெட்டி வீடியோவைத் தானாக ஓட்டுகிறது என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்திலேயே ஞாபகம் வந்தது, அந்தப் பெட்டிக்கு ஸ்பீக்கர் கிடையாது. அழுகை நின்று மழலை வந்தது. தரையில் உள்ளங்கைகள் தப்தப்பென்று தவழ்ந்தன. எதையோ பிடித்து எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து நடந்தன கால்கள். குழந்தைச் சோப்பு வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. திரையில் ஃபைல்கள் வருஷ வரிசையில் போய்க்கொண்டிருந்தன. முதல் வயது முடிந்தது. இரண்டு. மூன்று.

கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடித்தான். ஒரே இழுப்பு, எல்லாம் நின்றுவிடும். மீதியாவது மிஞ்சும்.

"அப்பா, இன்னும் கொஞ்சம்!"

ஊஞ்சல் வீடியோவில் அவள் கத்தியது. அதே கீச்சுக் குரல். பாதியில் நிறுத்தினால் உள்ளே இருப்பது என்ன ஆகும்? பாதி வாண்டுவா? பயந்தான், செத்துவிடலாம் போலப் பயந்தான். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. பிளக்கை விட்டான். பிடுங்கிய வயரை எடுத்து, தானே, திரும்பச் சொருகினான்.

ஆயிரம்.

"போ," என்றான் திரையைப் பார்த்து. "சீக்கிரம் போயேன். செத்துடாத. இன்னும் கொஞ்சம்தான்."

நான்கு வயது. ஐந்து. கடைசி ஃபைல். டிஸ்க் ஒருமுறை கிறீச்சிட்டு ஓய்ந்தது.

கதவுக் குமிழ் திரும்பியது.

மஞ்சள் கவுனில் வாண்டு. முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. "அப்பா, என்னைப் பாரு," என்றாள். பார்த்தான். அழுதான். கிட்டே போகத் துணியவில்லை. அவன் இடப்பக்கம் நகர்ந்தால் அவளும் அவனைப் பார்த்தே திரும்பினாள். வலப்பக்கம் நகர்ந்தால் அப்படியே. "அப்பா, என்னைப் பாரு." அதே குரல். அதே ஏற்ற இறக்கம்.

வாசல் பூட்டில் சாவி நுழைந்தது.

"அம்மா!" என்று வாண்டு திரும்பினாள்.

அவன் எடுத்த படங்கள் எல்லாமே முன்னாலிருந்து எடுத்தவை.

பின்னந்தலை இல்லை. முதுகு இல்லை. முகத்தின் உட்புறம் மட்டும். குழிவாக. ஈரமாக. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு துளைகள். "கிட்ட போகாத" என்று கத்த வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. அந்தத் துளைகள் வழியாக மனைவி தெரிந்தாள். குடையைக் கீழே போட்டுவிட்டு, மண்டியிட்டு, அழுகையும் சிரிப்புமாக, இரண்டு கைகளையும் விரித்துக் காத்திருந்தாள்.