தலைகீழாய் நின்ற புறாக்கள்

பாளையங்கோட்டைப் பெருமக்களுக்கும், தாமிரபரணியின் இரு கரையிலும் வாழும் ஏனையோருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியரும், முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் போதித்தவரும், திருச்சபையின் நூற்றாண்டு ஆவணப்படத்துக்குத் தம்மைத் தாமே இயக்குநராக நியமித்துக்கொண்டவருமான திரு. அப்பாத்துரை அவர்களின் கணினித் திரையில், சனிக்கிழமை மாலை முதல் ஒன்றும் தெரியவில்லை.

இந்த வரலாற்றுச் செய்தியைச் செவ்வாய்க்கிழமை மதியம் தில்லைநாயகத்திடம் கொண்டுவந்தவள், கணினிக் கடையில் பழுதுபார்க்கும் ஷம்ஸியா. தில்லைநாயகம் மின்வாரியத்தில் மின்திருட்டு பிடிக்கும் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். மின்கம்பியில் கொக்கி போட்டவன் வீட்டிலேயே காபி வாங்கிக் குடித்துவிட்டு, அவன் மேலேயே வழக்கு எழுதிய நிதானம் அவருடையது. ஓய்வுக்குப் பிறகு முருகன்குறிச்சியில் பெனோவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். கடையில் கூட்டம் இல்லாத நேரங்களில், அதாவது கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும், நாற்பது வயது பெனோ அவருக்கு உதவித் துப்பறிவாளர்.

"அண்ணாச்சி, சனிக்கிழமை காலையில அவரு வீட்டுல புதுக் கிராபிக்ஸ் கார்டு மாட்டினேன். படம் பளிச்சுன்னு தெரிஞ்சுது, அவரே பாத்தாரு. சாயங்காலம் தெரியலைன்னு போன். நல்ல கார்ட நான் எடுத்துக்கிட்டு டப்பா கார்ட மாட்டிட்டேன்னு கடைக்கு லெட்டரே குடுத்துட்டாரு. என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டேங்காரு. அஞ்சு மணிக்குள்ள கார்டு நல்லதுன்னு காட்டணும், இல்லன்னா நாளைக்கு வரவேண்டாம்னு முதலாளி சொல்லுதாரு. அவருக்கு வேலையில்லாத மச்சினர் ஒருத்தர் வேற இருக்காரு."

"மச்சினர் இல்லாத முதலாளி உண்டா," என்றார் பெனோ.

ஷம்ஸியா சிரிக்கவில்லை. "ஒன்பது வருஷமா இந்த வேலை பாக்கேன். திருடின்னு பேரு வாங்கிட்டு இந்த ஊர்ல எந்தக் கடையில போய் நிக்க?"

தில்லைநாயகம் பைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கார்டு மாட்டும்போது என்னென்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. பின்னால சும்மா இன்னொரு ஒயர் கிடந்துச்சு, இதுவும் வேணுமான்னு கேட்டேன். அது உபயோகத்துல இல்லன்னுட்டாரு. முடிச்சதும் எப்பவும்போலப் பின்பக்கத்தப் போட்டோ எடுத்தேன்." கைபேசியை நீட்டினாள். கார்டில் ஒரே ஒரு கறுப்பு ஒயர். அதன் முனைக்குக் கீழே நாவல்பழம் அளவில் ஒரு தடிப்பு.

அவள் கொண்டுவந்திருந்த அப்பாத்துரையின் கடிதம் நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் தில்லைநாயகத்தின் விரல் நின்றது. "மேற்படி பெண், ஒயர் நுழையத் துளை ஒன்றே ஒன்று கொண்ட பழுதான அட்டையை மாட்டிச் சென்றுள்ளார். அவர் சென்ற பின் கணினியின் பின்பக்கத்தை என் இல்லத்தில் எவரும் தொட்டதுமில்லை, எட்டிப் பார்த்ததுமில்லை." அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சாதாரண ஆள் இல்ல அண்ணாச்சி," என்றார் பெனோ, மூவரும் அவர் வீட்டுக்குப் போகும் வழியில். "போன வருஷம் சம்சாரத்த அடக்கம் பண்ணும்போது, விசுவாசி அழக் கூடாதுன்னு கல்லறையில நின்னே நாப்பது நிமிஷம் பேசினவரு. குழி வெட்டினவன் உக்காந்துட்டான்."

அப்பாத்துரை வாசலிலேயே நின்றிருந்தார், காலை வணக்கக் கூட்டத்துக்கு மாணவர்கள் பிந்தி வந்ததைப் போல.

"அந்தப் பெண் உள்ளே வரக்கூடாது."

"வாசல்ல நிக்கட்டும் சார்," என்றார் தில்லைநாயகம்.

கணினி அறையில் திரை 'சிக்னல் இல்லை' என்ற பெட்டியைக் காட்டிவிட்டு இருண்டது. பெனோ வரிசையாகச் சந்தேகங்களை அவிழ்த்தார்: எலி, வைரஸ், மின்னழுத்தம், அண்டை நாட்டுச் சதி. தில்லைநாயகம் விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினார். அதன் மூலையில் சிறு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினார், அணைந்தது.

"மெஷினுக்கு உசிரு இருக்கு. ஒயர் சரியா மாட்டியிருக்கா சார்?"

"அந்தப் பெண்ணும் போனில் இதையேதான் கேட்டாள். என்னிடம். மாட்டித்தான் இருக்கிறது."

"சரி. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

தண்ணீர் கொடுத்தவள் மருமகள் ரீபா. கூடத்தில் பெரிய டிவி ஒன்று வெள்ளைப் பின்னல் துணி போர்த்தி நின்றது. துணியில் வரிசையாக நீலப் புறாக்கள். எல்லாம் தலைகீழாக நின்றன.

"நல்லாயிருக்கே. யாரு பின்னினது?"

"அத்தை. அவுக போன பிறகு டிவி போடுறதே இல்ல. துணியத் தோய்க்கலாம்னு எடுத்தாக்கூட, தொடாதன்னு மாமா சத்தம் போடுவாக. நானே அதத் தொட்டு ஒரு வருஷம் ஆச்சு."

"சனிக்கிழமை எல்லாரும் வீட்டுலதான் இருந்தீகளா?"

"திசையன்விளையில ஒரு கல்யாணம். நாங்க போயிட்டு ராத்திரிதான் வந்தோம். மாமா மட்டும் இருந்தாக."

தில்லைநாயகம் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு எல்லோரையும் கணினி அறைக்கு அழைத்தார். ஷம்ஸியாவையும். அப்பாத்துரை ஆட்சேபிக்க வாய் திறந்தார். அதற்குள் பெனோ மேஜையை இழுத்துவிட்டார்.

"நான் பாத்த வேலை ஒண்ணுதான் சார். ஒயரப் பிடிச்சுக்கிட்டு, அது போற இடத்துக்குப் போறது. இதோ கார்டுல ஒரு ஒயர் மாட்டியிருக்கு. ஷம்ஸியா, போட்டோவக் காட்டு. அதுல தடிப்பு இருக்கு. இதுல இருக்கா?"

இல்லை. தடிப்புள்ள ஒயர் திரையிலிருந்து இறங்கித் தரையில் தூசியோடு சுருண்டு கிடந்தது. மாட்டியிருந்த ஒயர் சுவரோரம் ஓடி, நாள்காட்டிக்குப் பின்னால் ஒரு துளைக்குள் மறைந்தது.

"சுவருக்கு அங்கன என்ன இருக்கு?"

"டிவி," என்றாள் ரீபா மெதுவாக. "கொரோனா சமயத்துல அத்தை ஆராதனை பாக்கதுக்குப் போட்டது."

கூடத்துக்குப் போனார்கள். தில்லைநாயகம் ரிமோட்டை அழுத்தினார். துணிக்குப் பின்னால் வெளிச்சம் எழுந்து, தலைகீழ்ப் புறாக்களின் இடுக்குகள் வழியே கசிந்தது. ரீபா துணியை விலக்கினாள். அப்பாத்துரையின் கணினித் திரை, ஆவணப்படத்தின் பதினேழு கோப்புகளோடு, தொலைக்காட்சியில் பளிச்சென்று நின்றது.

"கார்டு நல்ல கார்டு. மூணு நாளா இங்கன படம் அனுப்பிக்கிட்டு இருக்கு. டிவியத்தான் யாரும் போடலை."

"அப்போ எலி..." என்று ஆரம்பித்தார் பெனோ.

"எலி ஒயர் மாத்தாது வே. துணிய எடுத்துட்டுத் தலைகீழாப் போர்த்தவும் செய்யாது." கடிதத்தை எடுத்தார். "சார், பின்னால யாரும் எட்டியே பாக்கலைன்னு எழுதியிருக்கீக. துளை ஒண்ணுதான்னும் எழுதியிருக்கீக. பாக்காம எப்படி எண்ணினீக?"

அப்பாத்துரை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் அவர் பதில் தெரியாமல் இருந்த முதல் கேள்வி அதுவாக இருக்கலாம். அல்லது பதில் தெரிந்திருந்த முதல் கேள்வி.

"பழைய கார்டில் ரெண்டு ஒயரும் நிற்கும்," என்றார் கடைசியில். "இதில் ஒண்ணுதான். தடவிப் பார்த்துத் திரை ஒயரைக் கழற்றி டிவி ஒயரை மாட்டினேன். முடிந்ததும் திரும்ப மாற்றினேன்."

"மாத்தலை சார். குனியாம, கையாலயே தடவிப் பிடிச்சீக. கழத்தின டிவி ஒயரையே மறுபடி மாட்டிட்டீக. ரெண்டும் கறுப்புதானே."

"எதுக்கு மாமா டிவி?" என்று கேட்டாள் ரீபா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. "கோயில்ல உங்க அத்தை லில்லி பாடின கீர்த்தனை வீடியோ ஒண்ணு. நாலு நிமிஷம். அந்தச் சின்னத் திரையில முகம் சரியாத் தெரியலை."

ரீபா துணியை எடுத்து மார்போடு மடித்துக்கொண்டாள்.

ஷம்ஸியா அவர் முன்னால் வந்து நின்றாள். "சார், பாட்டுக் கேட்டேன்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தடிச்ச ஒயர மாட்டுங்கன்னு அரை நிமிஷத்துல சொல்லியிருப்பேன். சம்சாரத்த நெனச்சு அழுததுக்கு யாரும் கேஸ் போடமாட்டாக. நீங்க அத மறைக்க என்னையத் திருடியாக்கிட்டீக."

அப்பாத்துரை பேனாவை எடுத்தார். முதல் வரைவில் 'தவறு நேர்ந்துள்ளது' என்று எழுதினார்.

"யாரு செஞ்ச தவறுன்னு எழுதுங்க சார்."

இரண்டாம் வரைவில் எழுதினார். நான்கே வரி. அவர் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறிய கடிதம் அதுதான் என்று ரீபா பின்னால் சொன்னாள்.

ஷம்ஸியா தரையில் கிடந்த ஒயரைத் துடைத்துக் கார்டில் மாட்டினாள். அறையில் இருந்த திரை உயிர்பெற்றது. போகும்போது வாசலில் நின்று, "ரெண்டு திரையும் சேர்ந்து ஓட ஒரு சின்ன ஸ்பிளிட்டர் போதும் சார். நாளைக்கு வரும்போது கடையிலேருந்து எடுத்துட்டு வாரேன்," என்றாள்.

மணி நாலேகால். பெனோவின் ஸ்கூட்டரில் அவளும், பின்னால் ஆட்டோவில் தில்லைநாயகமும் கணினிக் கடைக்குப் போனார்கள். கடிதத்தை மடிக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள். உண்மை வென்றதைப் பற்றிப் பெனோ வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார்.

கடையில் அவள் நாற்காலியில் முதலாளியின் மச்சினர் உட்கார்ந்திருந்தார், காலையிலேயே சேர்ந்துவிட்டாராம்.