காணாமல் போன ஒப்பித்தல் சான்றிதழ்

காலை 11.40. மருந்துக் கடையின் பின்னறையில் மேசை இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு, பாப்பா மூன்றாவது முறையாகத் தாள்களை எண்ணினாள். எட்டு இருக்க வேண்டும். ஆறுதான் இருந்தன.

பாப்பா என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். வயது இருபத்தெட்டு ஆகப்போகிறது. சிக்கலே அதுதான். பல்கலைக்கழகத்தின் மருந்தாளுநர் பட்டப்படிப்பில், மருந்துக் கடைகளில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கென்று சில இடங்கள் உண்டு. வயது வரம்பு இருபத்தெட்டு. விண்ணப்பம் போட்டு, நுழைவுத் தேர்வு எழுதி, பட்டியலில் பெயரும் வந்தாயிற்று. இன்று மாலை நான்கு மணிக்குள் அசல் சான்றிதழ்களைக் காட்டினால் இடம் அவளுக்கு. காட்டாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு. அடுத்த வருடம் என்ற பேச்சுக்கே வழியில்லை.

காணாமல் போனவை இரண்டு. ஒன்று, பள்ளி இறுதி வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். அது இல்லாமல் போய் நின்றால் கதவைத் திறக்கக்கூட மாட்டார்கள். இன்னொன்று, ஆறாம் வகுப்பில் செய்யுள் ஒப்பித்தல் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியதற்கான சான்றிதழ். அதை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா செருகி வைத்தது.

மேசைக்கு அடியிலும் குப்பைத் தொட்டியிலும் தேடிவிட்டு, பாப்பா சித்திக்குப் போன் போட்டாள். அம்மாவைக் கூப்பிட்டால் அழுகை வரும். சித்தியைக் கூப்பிட்டால் ஆள் வரும்.

பகல் 12.25. ஆள் வந்தார்.

சித்தி பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். இருபத்திரண்டு வருட வேலை. டிக்கெட் எடுக்காதவன் பையைத் துழாவுவதற்கும், எடுத்துத் தொலைத்தவன் துழாவுவதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு அத்துப்படி. வேலையிலிருந்து நேராக வந்ததால் காக்கிச் சட்டை, காக்கி பேண்ட், தலையில் தொப்பி.

"வாங்க சார், சீட்டு இருக்கா?" என்றார் கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் நின்ற மருந்தாளுநர்.

"சாரும் இல்ல, சீட்டும் இல்ல. நான் பாப்பாவோட சித்தி."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சித்தி பெரிதுபடுத்தவில்லை. காக்கியைப் பார்த்தால் ஜனங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. மாதத்துக்கு நாலு பேராவது அவரை சார் ஆக்கிவிடுவார்கள்.

கடை சிறியது. முன்னால் கவுண்டர், சுற்றிலும் மருந்து அடுக்குகள், பின்னறைக்கு ஒரே கதவு. பின்னறையில் ஒரு மேசை, கை கழுவும் தொட்டி, ஒரு இரும்பு அலமாரி. ஜன்னல் இல்லாததால் டியூப் லைட் காலையில் போட்டால் கடை மூடும்வரை எரியும். சுவரில் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பைப் பாப்பா ஒட்டி வைத்து மூன்று மாதம் ஆகிறது. "வயது வரம்பு" என்ற வரியின் கீழ் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு வேறு.

பத்தரைக்குப் பாப்பா கோப்பைச் சரிபார்த்தபோது எட்டுத் தாளும் இருந்தன. அதற்குப் பிறகு பின்னறைக்குள் போனவர்கள் மூன்று பேர்: முதலாளி, பில் போடும் இளைஞன், மருந்தாளுநர். வெளியாள் யாரும் இல்லை. இந்த மூன்று பேரும் அதன் பிறகு கடையை விட்டு நகரவும் இல்லை.

பகல் 12.40. முதலில் பில் போடுகிறவன். அவன் மேல்தான் எல்லோர் கண்ணும் இருந்தது. அதே படிப்புக்கு அவனும் விண்ணப்பித்திருந்தான். காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள் அவன்தான்.

"உள்ள எதுக்குப் போன?"

"பில் ரோல் எடுக்க. ரெண்டு நிமிஷம்."

"பையில என்ன?"

அவன் தயங்காமல் திறந்து காட்டினான். அவனுடைய சொந்தச் சான்றிதழ்கள், வரிசையாக, தயாராக.

"அவ போகலைன்னா நீ போகலாம்னு ரெடியா வந்திருக்க."

"மூணரைக்கு வந்து காத்திருங்கன்னு எங்களுக்கும் கடிதம் வந்திருக்கு மேடம். நான் திருடுறதா இருந்தா மார்க் சர்டிபிகேட்டை எடுப்பேன். அந்த ஒப்பித்தல் போட்டியை எதுக்கு எடுக்கணும்?"

நியாயமான கேள்வி. சித்தி அதை மனதில் முடிந்துகொண்டார்.

முதலாளி அதிகம் பேசவில்லை. தண்ணீர் குடிக்கப் போனாராம். பாப்பா போனால் தனக்குக் கை ஒடிந்த மாதிரி என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் பட்டம் வாங்கி இங்கேயே மருந்தாளுநராக வந்து உட்காருவாள் என்ற கணக்கும் அவரிடம் இருந்தது. வயது வரம்பு தெரிந்துதான் விண்ணப்பத்தை அவசரப்படுத்தியதே தான்தான் என்றார். பாப்பாவும் தலையாட்டினாள்.

இதற்கிடையில் ஒரு பெண் மருந்துச் சீட்டோடு வந்து நின்றாள்.

"படிம்மா பாப்பா, சத்தமா. வாங்குறவங்களுக்கும் தெரியணும்ல" என்றார் மருந்தாளுநர்.

கண் கலங்கியிருந்தாலும் பாப்பா கணீரென்று படித்தாள். அவர் கை அடுக்கை நோக்கி நீண்டது. பார்க்காமலே எடுத்தார், பாப்பாவிடம் கொடுத்தார், அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்து அந்தப் பெண்ணிடம் தந்தாள். சித்திக்கு அந்த வேகம் பிடித்திருந்தது. மூன்றாவது மருந்துக்கு மட்டும் கை தடுமாறியது. இருமல் மருந்துகளை பில் போடுகிறவன் ஒரு தட்டு கீழே இறக்கி வைத்திருந்தான். "இடத்தை மாத்தாத, மாத்தாதன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று மருந்தாளுநர் எரிந்து விழுந்தார். சாதுவான மனிதர், ஒரு பாட்டில் இடம் மாறியதற்கு இவ்வளவு கோபம்.

பகல் 1.10. மருந்தாளுநரின் முறை. ஐம்பத்திரண்டு வயது. பாப்பாவுக்கு அனுபவச் சான்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்.

"உள்ள எதுக்குப் போனீங்க சார்?"

"கை கழுவ."

"யாராவது இழுப்பறையைத் தொட்டதைப் பாத்தீங்களா?"

"இல்லைங்க." கொஞ்சம் நிறுத்தி, "பாவம், நல்ல பொண்ணு. ஒரு வருஷம்தானே மேடம்? அடுத்த வருஷம் போட்டுக்கலாம்ல?" என்றார்.

சித்தி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பின்னறைக்குப் போய்க் கோப்பைக் கையில் எடுத்தார்.

மீதி ஆறு தாளும் பல்கலைக்கழகம் கேட்ட வரிசையில், ஓரம் பிசகாமல் இருந்தன. அள்ளிக்கொண்டு ஓடியவன் வேலை இல்லை இது. இரண்டாவது தாளையும் கடைசித் தாளையும் நிதானமாகத் தேர்ந்தெடுத்து உருவியிருக்கிறார்கள். விளக்கு எரிகிற அறை. "ஒப்பித்தல் போட்டி" என்று அதில் கட்டைவிரல் பருமனில் அச்சடித்திருக்கும் என்கிறாள் பாப்பா. ஏன் அதை எடுக்க வேண்டும்?

சித்தி அக்காவுக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, ஆறு தாள்களின் மேலும் கட்டைவிரலை ஓட்டினார்.

"என்ன சித்தி பண்றீங்க?"

"டிக்கெட் செக் பண்றேன்."

பகல் 1.50. கடையின் முன்கதவில் "பத்து நிமிடத்தில் திறக்கும்" என்ற பலகை தொங்கியது. ஐவரும் பின்னறையில் கூடியிருந்தார்கள்.

சித்தி மேசை மேல் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று, மதிப்பெண் சான்றிதழின் நகல். இன்னொன்று, கடையின் விடுமுறை நாள் பட்டியல்.

"சார், இதுல பாப்பாவோட மார்க் எதுன்னு எடுத்துக் கொடுங்க."

மருந்தாளுநர் கையை நீட்டினார். கட்டைவிரல் முதல் தாளின் அடிப்பக்கத்தில் இடமிருந்து வலமாக ஓடியது. பிறகு இரண்டாவது தாளில் ஓடியது. மறுபடி முதல் தாளுக்கு வந்தது. இரண்டும் வழவழவென்று இருந்தன. விரல் நின்றுவிட்டது.

"நகல்ல முத்திரை மேடா இருக்காது சார்" என்றார் சித்தி மெதுவாக.

பிறகு மற்றவர்களுக்கு விளக்கினார். மாலை நேரத்து நெரிசலில் அவர் டிக்கெட்டைப் படிப்பதில்லை. பஞ்ச் பண்ணிய ஓட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். எட்டுத் தாளில் புடைத்த முத்திரை இருந்தவை இரண்டே இரண்டு. மதிப்பெண் சான்றிதழ் ஒன்று. அந்தப் பள்ளிக்கூடம் பெருமைக்காக அதே மாதிரி முத்திரை குத்திக் கொடுத்த ஒப்பித்தல் சான்றிதழ் இன்னொன்று. அக்காவிடம் கேட்டது அதைத்தான். மற்ற ஆறும் சாதா ரப்பர் முத்திரை. கண்ணால் பார்த்து எடுத்தவன் ஒன்றைத்தான் எடுத்திருப்பான். விரலால் பார்த்து எடுத்தவருக்கு எது எதுவென்று தெரியவில்லை, இரண்டையும் எடுத்துவிட்டார்.

"இருட்டுல எடுத்திருந்தா யாரை வேணும்னாலும் சொல்லலாம். விளக்கு எரிஞ்சிட்டிருந்துது. காக்கி தெரிஞ்சுது, நான் பொம்பளைன்னு தெரியல. பாட்டில் இடம் மாறினா மருந்து கிடைக்கல. மூணு மாசமா இந்தச் சுவத்துல சிவப்புக் கோடு போட்டு ஒட்டியிருக்கு, அடுத்த வருஷம் போட்டுக்கலாம்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான் சார்."

மருந்தாளுநர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். எட்டு மாதமாக இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு கறை. ஓரத்தில் பார்த்து நடக்கலாம், எழுத்தைப் படிக்க முடியாது. டாக்டரிடம் போனால் வேலை போய்விடும் என்று போகவில்லை. பாப்பா படிக்கப் போய்விட்டால் வருகிற புது ஆள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவான்.

"நாலு மணி தாண்டினதும் எடுத்துக் கொடுத்துடலாம்னு இருந்தேன். இன்னும் ஒரு வருஷம் கூட இருப்பாளேன்னு…" அவர் பாப்பாவின் பக்கம் திரும்பினார். "வயசு வரம்பு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

சாவிக்கொத்தை எடுத்து இரும்பு அலமாரியைத் திறந்தார். கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கான, சட்டப்படி அவர் ஒருவர் மட்டுமே திறக்க வேண்டிய அலமாரி. அதனால்தான் யாருக்கும் அங்கே தேடத் தோன்றவில்லை. பதிவேடுகளுக்கு நடுவில், மடங்காமல் கசங்காமல் இரண்டு சான்றிதழ்களும் இருந்தன.

பாப்பா அவற்றை வாங்கிக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள். "எட்டு மாசமா தெரியும். நீங்க சொல்றப்பல்லாம் எதுக்குன்னு கேக்காம நான் ஏன் சத்தமா படிச்சேன்? நீங்க எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு அட்டையையும் ஏன் திருப்பித் திருப்பிப் பாத்தேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

சித்திக்குத் தன் அக்கா மகள் மேலும் கோபம் வந்தது. மருந்துக் கடை இது, தவறினால் யாராவது ஒருவரின் உயிர். தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டிருந்தது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேவிட்டார். பாப்பா தலை குனிந்தாள். போட்டுக் கொடுக்க மனசு வரவில்லை, அது தப்புதான் என்றாள்.

முதலாளி மருந்தாளுநரிடம் சொன்னார்: "மருந்து எடுத்துக் கொடுக்கறதை இந்த நிமிஷத்தோட நிறுத்துங்க. வேற மருந்தாளுநர் வர்றவரைக்கும் கடை திறக்காது. உங்களை வேலையை விட்டு நிறுத்தறேன்னு சொல்லல. முதல்ல கண்ணாஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

பகல் 2.20. பாப்பாவும் சித்தியும் பேருந்துக்கு ஓடினார்கள். பில் போடுகிறவன் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். வேறு யாராவது வராமல் போனால் அவனுக்கும் கிடைக்கலாம். சித்தி அவனுக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்துக் கொடுத்தார். சந்தேகப்பட்டதற்கு அவர் கேட்ட மன்னிப்பு அதுதான்.

பிற்பகல் 3.25. சரிபார்க்கும் பெண் அலுவலர் தாள்களைப் புரட்டிக்கொண்டே போய்க் கடைசித் தாளில் நின்றார். "இது எதுக்கும்மா?"

"தெரியாம வந்துடுச்சு மேடம்" என்றாள் பாப்பா. சித்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மாலை 6.10. கடையின் முன்கதவு பாதி இறங்கியிருந்தது. வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில், வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மருந்தாளுநர் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. மருந்தினால் மட்டுமல்ல.

போன கண் திரும்பாதாம். இருக்கிறதையாவது காப்பாற்றலாம், இப்போதாவது வந்தீர்களே என்றார்களாம். முதலாளி இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் கோபம் தீரவில்லை, அது சட்டென்று தீருகிற கோபமும் இல்லை. இருந்தாலும் பையிலிருந்து சேர்க்கைச் சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் கட்டைவிரல் தாளின் அடிப்பக்கம் போனது. இடமிருந்து வலமாக மெல்ல ஓடி, ஒரு இடத்தில் நின்றது.

"மேடு இருக்கு" என்றார்.

"இருக்கு சார்."

தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "படிம்மா. சத்தமா."

பாப்பா படித்தாள்.