சிங்கத்தலைக் காப்பு

நேற்றுப் பின்னேரம் வாயைப் பிளந்துகொண்டிருந்த சிங்கம் இன்று காலை வாயை மூடிக்கொண்டிருந்தது. சிவகௌரி கண்ணைக் கசக்கிவிட்டு, லண்டன் நோர்பரி வீட்டுக் குசினி ஜன்னலின் மங்கல் வெளிச்சத்தில் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு முனையிலும் இரண்டு சிங்கத் தலை. ஒன்று மட்டும் வாயை மூடியிருந்தது. மியூசியத்தில் துப்புரவு வேலை அவளுக்கு. பாம்பும் ஆட்டுக்கடாவும் சிங்கமுமாகப் பழைய கிரேக்கத்துப் பொன் நகைகள் கிடக்கும் கண்ணாடிப் பெட்டிகளை நாள்தோறும் துடைக்கிறவள். அதனால்தான் ஞாயிறு சந்தையில் பித்தளைச் சாமான்களோடு கிடந்த இதைக் கண்டதும் பழம்பொன் என்று மட்டுக்கட்டினாள். ஊர்ப் பவுண் நகை எல்லாம் இங்கே கூட்டிவந்த ஏஜென்சிக்காரனோடு போய்விட்டது. மகன் நிமலனின் தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்குக்கு இதையாவது ஆண்டவன் தந்தானே என்று நினைத்தாள்.

"என்னை வெருட்டப் பாக்கிறியோ?" என்று காப்பிடமே கேட்டாள். "ஆமிக்காரன் என்ரை மனிசனைச் சுட்ட வீட்டிலயிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். உன்னை உருக்கித் தாலி செய்யாட்டி என்ரை பேர் சிவகௌரி இல்லை."

ஒன்பது மணிக்கு நல்ல நேரம். விதவை என்று அவளைக் குசினி வாசலோடு இருத்திவிட்டார்கள். பெற்ற பிள்ளையின் நன்மைக்குத் தாய் எட்ட நிற்க வேணுமாம், என்ன கறுமமோ. ஹோல் நடுவில் தட்டார் குலசேகரம் காப்பை மண்கிண்ணத்தில் போட்டு காஸ் நெருப்பைப் பிடித்தார். சாம்பிராணி மணத்துக்குள்ளால் மெல்ல மெல்ல மயிர் பொசுங்கும் நாற்றம் ஏறி வந்தது, அதோடு கூண்டுக்குள் அடைபட்ட மிருகத்தின் ஈர நாற்றமும் சேர்ந்தது, பிறகு கிண்ணத்தின் அடியிலிருந்து தொண்டைக்குள் உருளுகிற மாதிரி ஓர் உறுமல் எழுந்தது.

"காஸ் சத்தம்," என்றாள் மச்சாள் தவமலர்.

குலசேகரம் குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, நிப்பாட்டட்டோ?"

மூட்டின நெருப்பை இடையில் நிறுத்தினால் கலியாணத்துக்கு ஆகாது. சிவகௌரி விடவில்லை. "நிப்பாட்டாதேங்கோ. உருக்குங்கோ!"

உருகியது. உறுமல் நின்றது. குலசேகரம் பொன்கட்டியைத் தண்ணீரில் ஆற்றி, தாம்பாளத்து வெற்றிலையில் வைத்து நீட்டினார். மாப்பிள்ளை அதைத் தன் கையால் எடுத்துத் தட்டாரிடம் கொடுக்க வேணும்.

நிமலன் குனிந்தான்.

பொன் அசைந்தது. அவன் விரல் பக்கம்.

வேறு ஒருவரும் காணவில்லை.

சிவகௌரி பாய்ந்தாள்.

"மச்சாள், நீங்கள் தொடக்கூடாது!" தவமலர் கத்தினாள்.

தொட்டாள். அள்ளினாள். உள்ளங்கையில் பொத்தினாள்.

சூடில்லை. ஈரம். மூச்சு. பிறகு பல்.

"அம்மா, கையை விரியுங்கோ!"

"கிட்ட வராதை, தம்பி!"

இறுக்கினாள். அவளுடைய எலும்பு நொறுங்கும் சத்தம் ஹோல் முழுக்கக் கேட்டது. விரலிடுக்கால் இரத்தம் வெற்றிலையில் சொட்டியது.

"கடி," என்றாள். "என்ரை பிள்ளையைத் தொட விடமாட்டன். கடி!"

பொத்திய கை எல்லாருடைய கண்முன்னாலும் சிறுத்துக்கொண்டே போனது. அவள் விரிக்கவில்லை.