நாலு கம்பியும் ஒரு கோணல் கண்ணாடியும்

"விடுங்க... நான் பிடிச்சிருக்கேன்!"

"எனக்கும் பிடிச்சிருக்கு. அதுக்காக அலமாரி மேல போட்டு உடைக்கணுமா?"

குரல் வந்த பக்கம் கோபமாகத் திரும்பினாள் அவள்.

சுவரின் உயரமான கொக்கியிலிருந்து அந்தச் சிவப்பு பேஸ் கிட்டாரைக் கழற்றியது அவள்தான். அது இவ்வளவு கனக்கும் என்று யார் கண்டது? கழற்றிய வேகத்தில் அதன் நீண்ட கழுத்து ஒரு பக்கம் சரிந்து, கடையின் கண்ணாடி அலமாரியை நோக்கிப் பாய்ந்தது. நல்லவேளை, நடுவில் ஒரு கை வந்து தாங்கிக்கொண்டது. இப்போது கிட்டாரின் ஒரு முனை அவளிடம்... மறுமுனை அவனிடம்.

வெளியே மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது.

நாள் முழுக்க அடுத்தவர் கண்களைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். தூக்கம் கெட்ட கண்கள், எழுத்து தெரியாமலே 'தெரியுது, தெரியுது' என்று சமாளிக்கும் கண்கள், மனைவி பக்கத்தில் இருந்தால் மட்டும் நன்றாகத் தெரிகிற கண்கள்... எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் இந்தக் கண்கள்? மழை கழுவிவிட்ட ஜன்னல் போல அப்படியே உள்ளே வரை தெரிகிறதே...

சீ, என்ன நினைப்பு இது! அதைவிட, அவன் போட்டிருந்த கண்ணாடி ஒரு பக்கம் கோணலாக ஏறி நின்றது. அவளுக்குக் கை பரபரத்தது.

"தேங்க்ஸ்" என்றாள், வேண்டா வெறுப்பாக.

"இது உங்களுக்கு வேண்டாங்க. அதோ, அந்த பிரவுன் கலர் இருக்கு பாருங்க... கழுத்து குட்டை. உங்களுக்கு அதுதான் சரியா இருக்கும்."

அவ்வளவுதான். அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஏன்? பொண்ணுன்னா சின்னதா ஒண்ணைக் கையில குடுத்துடணுமா? கூடவே ஒரு கிலுகிலுப்பையும் தருவீங்களா?"

"ஐயோ... நான் அதைத்தாங்க வாங்க வந்தேன்! காலையில இருந்து அதைத்தான் மடியில வெச்சுக் கொஞ்சிட்டிருக்கேன். அதோ, சாரையே கேளுங்க."

கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையாட்டினார். "ஆமாம்மா. தம்பி எடுக்கவும் மாட்டேங்குது, வைக்கவும் மாட்டேங்குது."

அவளையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. கதவு உயரத்துக்கு நிற்கிற ஆள்... மடியில் அந்தக் குட்டைக் கிட்டாரை வைத்துக்கொண்டு!

அவள் எதற்காக வந்தாள் என்பதை அந்தச் சிரிப்பு ஒரு நிமிடம் மறக்கடித்தது. அண்ணன் ஒரு இசைக்குழு நடத்துகிறான். அவன் பாடுவான், அண்ணி டிரம்ஸ் அடிப்பாள், பாட்டுக்கு அடியில் ஓடும் அந்தக் கனத்த நாதம் மட்டும் இவள் பொறுப்பு. வீட்டில் இருந்த பழைய பேஸ் கிட்டார் ஒரு மூட்டை அரிசி கனம். போன நிகழ்ச்சியில் கடைசிப் பாட்டு வரும்போது இடது கை மரத்து, விரல் அப்படியே நின்றுவிட்டது. மேடையில் அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பெரிசா, நல்லதா ஒண்ணு வாங்கிக்கோ. மேடையில நின்னா ஒரு கெத்து வேணும்" என்று மட்டும் சொன்னான்.

"சரி, உட்காருங்க. ரெண்டையும் வாசிச்சுப் பார்த்துடலாம்" என்றான் அவன். "மழை விடற மாதிரி தெரியல."

இரண்டு முக்காலிகள். நடுவில் கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் ஒரு ஆம்ப் பெட்டி. முதலில் அவன் சிவப்பை வாசித்தான். கணீரென்று விழுந்தது ஒவ்வொரு ஸ்வரமும்.

"கேட்டீங்களா? ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியா நிக்குது. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி."

"அப்போ அது?"

பிரவுனை எடுத்து அதே வரியை வாசித்தான். தும்ம்ம்... என்று உருண்டு வந்தது ஒலி. காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

"இது... துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன போர்வை" என்றாள் அவள், தன்னை அறியாமல்.

அவன் வாயைப் பிளந்து பார்த்தான். "அதேதாங்க! இத்தனை நாளா இதுக்கு என்ன சொல்றதுன்னு தேடிட்டிருந்தேன்."

சிவப்பை அவள் தோளில் மாட்டினாள். கையை எடுத்தால் போதும், கழுத்து தரையைப் பார்த்துச் சரிந்தது. ஒரு கை வாசிக்க, ஒரு கை தாங்க. கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளில், முதல் ஃபிரெட்டிலிருந்து நாலாவதுக்கு எட்டவேண்டும் என்றால் சுண்டுவிரல் ஊரைவிட்டுப் போகிற மாதிரி போகவேண்டியிருந்தது.

"உங்க சுண்டுவிரல் அழுதுட்டே போகுதுங்க" என்றான் அவன்.

"அதெல்லாம் பழகிடும்."

"வலியைப் பழகறதுக்கா வாசிக்கிறோம்?"

சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் சிவப்பைக் கழற்றி வைத்தாள். பிரவுனை வாங்கிக்கொண்டாள். கம்பிகள் பலகையோடு ஒட்டித் தாழ்ந்து இருந்தன. அழுத்தவே வேண்டாம், தொட்டால் போதும். கழுத்து கைக்குள் அடங்கியது. டோன் குமிழை அவன் கொஞ்சமாகக் குறைத்துவிட, மேலே இருந்த கரகரப்பு மறைந்து ஒலி இன்னும் உருண்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள்... கை வலிக்கவில்லை. கை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. மழைச் சத்தமும் அந்தக் கனத்த நாதமும் மட்டும்தான் உலகத்தில் மிச்சம்.

கண்ணைத் திறந்தபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று ஆம்ப் பக்கம் திரும்பி, இல்லாத தூசியைத் துடைத்தான்.

"கண்ணாடியைக் கழட்டுங்க" என்றாள் அவள்.

"எதுக்கு?"

"கோணலா இருக்கு. வந்ததுல இருந்து என்னால பொறுக்க முடியல. இதான் என் வேலை."

காதுப்பக்கக் கம்பியை லேசாக வளைத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, அவளே மாட்டிவிட்டாள். கடையில் தினமும் எத்தனையோ பேருக்குச் செய்வதுதான். பிறகு ஏன் மாட்டி முடித்த பின்னும் விரல் கம்பியை விட மாட்டேன் என்கிறது?

"இப்போ சரியாத் தெரியுதா?"

"தெரியுது..." என்றான் அவன். குரல் உள்ளே போயிருந்தது. "ரொம்ப நல்லாவே தெரியுது."

அவன் லிப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் பாதியில் நின்றுபோகிற லிப்டுகளை ஓடவைக்கிறவன். "என்னைப் பார்த்தாலே ஜனங்களுக்குக் கோபம்தாங்க. ஏறின படியை எல்லாம் என் கணக்குல எழுதிடுவாங்க" என்றான். வாசிப்பது பொழுதுபோக்கு. ஏதோ ஒரு இசைக்குழுவில் ஆள் தேடுகிறார்களாம். இருக்கிற ஆள் சரிப்பட்டு வரவில்லையாம்.

"அச்சச்சோ, பாவம். யாரோ என்னவோ!" என்று பரிதாபப்பட்டாள் அவள்.

கடைசியில் பிரவுனை அவள் பக்கமாகவே நகர்த்தினான். "நீங்களே எடுத்துக்கங்க. என் கையில இது முனகிட்டிருந்துச்சு. உங்க கையிலதான் பேசுது. எனக்கு அந்தச் சிவப்பே போதும், எனக்குத் தோள் இருக்கு."

கடைக்காரர் இரண்டும் விற்ற சந்தோஷத்தில் உறை இலவசமாகக் கொடுத்தார். வாசலில் மழை தூறலாகியிருந்தது. என்ன பேர், எங்கே வீடு, போன் நம்பர் என்ன... இருவருக்கும் கேட்கத் தோன்றியது. இருவரும் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கிட்டாரைக் கட்டிப் பிடித்தபடி வழி நெடுக அவள் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை. வீட்டை ஒட்டிய கார் ஷெட்தான் அவர்களுடைய இடம். குளித்துவிட்டு, புதுக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

உள்ளே யாரோ வாசிக்கிறார்கள். கணீர்... கணீர்... இஸ்திரி போட்ட சட்டை.

கதவைத் தள்ளினாள். அண்ணன், டிரம்ஸுக்குப் பின்னால் அண்ணி, நடுவில் சிவப்பு பேஸ் கிட்டாருடன்... அவன்!

அவன் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே, அவள் தோளில் இருந்ததையும் அவள் முகத்தையும் பார்த்து, மலர்ந்தது அப்படியே வாடிற்று.

"நீங்க... இந்த வீடா?"

"சரிப்பட்டு வராத ஆள் நான்தான்" என்றாள் அவள். "தெரிஞ்சேதான் என்கூட உட்கார்ந்து வாசிச்சீங்களா?"

"சத்தியமாத் தெரியாதுங்க!"

"வாண்டு, நான் சொல்றதைக் கேளு" என்று அண்ணன் குறுக்கே வந்தான். "அடுத்த வாரம் பெரிய ஹால். நீ பாதியில நின்னுட்டா? இந்த ஒரு தடவை மட்டும்..."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அண்ணா?"

"சொன்னா அழுவே."

"சொல்லாததுக்குத்தான் இப்போ அழப்போறேன்!"

அண்ணன் பார்வை அவள் கிட்டாரின் மேல் விழுந்தது. "இதென்னடி பொம்மை? நான் பெரிசாத்தானே வாங்கச் சொன்னேன்?"

அந்த வார்த்தைதான் அவளை நிமிர்த்தியது. அழுகை எங்கோ ஓடிப்போயிற்று. உறையைப் பிரித்து ஆம்ப்பில் சொருகினாள்.

"அண்ணா, சுவர் பக்கம் திரும்பி நில்லு. நாங்க ரெண்டு பேரும் ஒரே பாட்டுக்கு வாசிக்கிறோம். நீ பாடு. யாரு வாசிக்கும்போது உனக்குப் பாட வருதுன்னு சொல்லு. அவங்கதான் மேடைக்கு."

"என்ன விளையாட்டு இது?"

"திரும்புங்கன்னா திரும்புங்க" என்றாள் அண்ணி, டிரம்ஸ் குச்சியை ஆட்டியபடி. "ரொம்ப நாளா எனக்கும் உங்க முதுகைப் பார்த்து அடிக்கணும்னு ஆசை."

வேறு வழியில்லை. அண்ணன் திரும்பி நின்றான்.

முதலில் சிவப்பு கிட்டாரில் அவன் வாசித்தான். சுத்தமான வாசிப்பு, ஒரு பிசிறு இல்லை... இரண்டாவது சரணத்தில் மட்டும் ஒரே ஒரு இடத்தில் விரல் தடுமாறியது. அண்ணன் பாடி முடித்தான். நன்றாகவே பாடினான்.

பிறகு அவள். முதல் அடியிலேயே அண்ணனின் தலை லேசாகச் சாய்ந்தது. அந்த உருண்ட நாதம் அவன் குரலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கே அவன் மூச்சு வாங்குவான், எங்கே இழுப்பான், எங்கே தாமதிப்பான்... சின்ன வயதிலிருந்து கேட்ட குரல் அல்லவா? அவன் நிறுத்தின இடத்தில் அவளும் நிறுத்தினாள். கடைசிச் சரணத்தில் அவன் வழக்கமாகத் தொடாத ஒரு உச்சத்தைத் தொட்டான். அவள் கை கடைசிவரை சளைக்கவில்லை.

ஷெட்டில் சத்தம் அடங்கியது.

"ரெண்டாவது" என்றான் அண்ணன், சுவரைப் பார்த்தபடியே. "முதல்ல வாசிச்சது சுத்தமா இருந்துச்சு. ரெண்டாவதுல எனக்குப் பயமே இல்ல. தம்பி, நீங்கதானே ரெண்டாவது?"

கேட்டுக்கொண்டே அண்ணன் திரும்பினான். தங்கையின் கையில் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த கம்பியைப் பார்த்தான். கடைசியில் அவள் தலையில் கையை வைத்து, "தப்பு என் மேலதான், வாண்டு. முதல்ல உன்னைத்தான் கேட்டிருக்கணும்" என்றான்.

அவள் அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் திரும்பினால்... சிவப்பு கிட்டாரையும் காணோம், அவனையும் காணோம்.

தெருமுனையில்தான் பிடித்தாள். மறுபடி தூறல் ஆரம்பித்திருந்தது.

"நில்லுங்க!"

நின்றான்.

"விட்டுக் கொடுத்தீங்களா?"

"என்னது?"

"ரெண்டாவது சரணம். அவ்வளவு நல்லா வாசிக்கிறவங்க அங்க எப்படித் தப்பு பண்ணுவீங்க? பாவம்னு விட்டுக் கொடுத்திருந்தா சொல்லிடுங்க. இப்பவே போய் அண்ணன்கிட்ட சொல்லிட்டு, திரும்ப வாசிக்கிறேன். எனக்குப் பிச்சை வேண்டாம்."

"நீங்க திரும்ப வாசிச்சாலும் நீங்கதான் ஜெயிப்பீங்க" என்றான் அவன். "அந்தக் குரலுக்கு நீங்கதான். எனக்கே கேட்டுச்சு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவன் கண்ணாடியில் மழைத்துளிகள் உட்கார்ந்தன. கழற்றித் துடைக்கப் போனான், துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டான்.

"விட்டுக் கொடுக்கலங்க. ஜெயிக்கணும்னுதான் வாசிச்சேன். இந்த குரூப்ல சேர்ந்தா ஞாயித்துக்கிழமை தோறும் உங்களைப் பார்க்கலாம்ல... அந்தப் பேராசை." ஒரு நொடி நிறுத்தினான். "ரெண்டாவது சரணத்துல நீங்க கண்ணை மூடிட்டுக் கேட்டுட்டிருந்தீங்க. பார்க்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்... பார்த்துட்டேன். அப்புறம் விரல் எங்க போச்சுன்னு எனக்கே தெரியல."

அவளுக்கு மூச்சு ஒரு தாளம் தவறியது.

"கடையில உங்களைப் பார்த்த நாள்ல இருந்து லிப்டுக்குள்ள போய் நின்னா எந்த பட்டனை அமுக்கறதுன்னு மறந்துடுது" என்றான் அவன். "உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்லாம போனா, நானும் பாதி மாடியில நின்னுடுவேன் போலிருக்கு. சொல்லிட்டேன். கோவிச்சுக்காதீங்க."

தூறல் வலுத்தது. யாரோ ஒருவர் குடையோடு அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

அவள் அவன் தோளிலிருந்த சிவப்பு கிட்டாரின் பட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க? அண்ணி டீ போட்டுட்டாங்க. உள்ள வந்து அந்தச் சரணத்தை மறுபடி வாசிங்க."

"எதுக்கு?"

"எங்க தப்பு பண்ணீங்கன்னு கேட்கணும்" என்றாள். காது வரை சிவந்திருந்தது. "இந்தத் தடவை நான் கண்ணை மூடிக்க மாட்டேன்."