மூதூர்ப் படகில் கேட்ட கேள்வி

"அந்தப் பிள்ளைக்கு அழப் பழக்கிறது நீங்கதான், நானா."

சொன்ன பிறகுதான் பல்கீசுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. மூதூர் இறங்குதுறையில் காலைப் படகுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாலு வயதுச் சிறுமி தரையில் உருண்டு கத்துவதும், அவளுடைய மாமன் அவசரமாக ஒரு டொபியை உரித்து வாயில் வைப்பதும், உடனே கத்தல் நிற்பதும்... மூன்று நாளாக அவள் பார்த்த காட்சி.

அவள் நானா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டவன் நிமிர்ந்தான். மழைக்கு முந்திய கடலைப் போலக் கறுத்த கண்கள்... கோபத்திலும் அழகாயிருந்தன.

"புத்தகத்தில அப்பிடியா எழுதியிருக்கு, டீச்சர்?" என்றான், அவள் கையிலிருந்த தாள்களைக் காட்டி.

"ஓம். அழுதா டொபி வருமெண்டா நாளைக்கும் அழும். அதுக்குப் பேர் வலுவூட்டல்."

பல்கீஸ் திருகோணமலை நகரில், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான நிலையமொன்றில் வேலை செய்தாள். பிரயோக நடத்தைப் பகுப்பாய்வுப் பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம். படகில் போகும் நேரம்தான் படித்ததை மீட்டிப் பார்க்கக் கிடைத்தது.

அவன் பெயர் ஜவ்பர். துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்துபவன். அக்காவின் மகள் றஹ்மாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவளை நகரத்துப் பாலர் பாடசாலையில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவான்.

நாலு நாள் கழித்து அவன் அவள் முன்னால் வந்து நின்று கையை நீட்டினான். மணிக்கட்டில் பல் பதிந்திருந்தது. டொபியை நிறுத்தியதும் பிள்ளை முன்னையைவிட மோசமாகக் கத்திக் கடித்துவிட்டதாம். உங்கள் பேச்சைக் கேட்டதால் வந்த வினை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பல்கீசுக்குச் சுருக்கென்றது. வழக்கமாய்க் கிடைத்தது நின்றுபோனால், குறைவதற்கு முன் அந்த நடத்தை ஒருமுறை உச்சத்துக்கு ஏறும். அந்தப் பக்கத்தை எத்தனை தரம் படித்திருக்கிறாள்! அவனிடம் மட்டும் சொல்லவில்லை. இரண்டு நாள் ரோசம் விடவில்லை. அவன் இருந்த பக்கம் திரும்பாமலே இருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து நேரே போனாள்.

"பிழை என்னிலதான். அரைவாசிதான் சொன்னனான். மிச்சத்தையும் கேட்பீங்களா?"

அவன் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான்.

பறித்தால் மட்டும் போதாது, கேட்பதற்கு வேறு வழி கொடுக்கவேண்டும் என்றாள். ஒரு அட்டையில் டொபி வரைந்தாள். அழுகை தொடங்குமுன் றஹ்மாவின் கையைப் பிடித்து அட்டையை நீட்ட வைப்பது, உடனே டொபி கொடுப்பது, பிறகு கைபிடிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. பன்னிரண்டாம் நாள் றஹ்மா தானாகவே மாமனின் சட்டையை இழுத்து அட்டையை நீட்டினாள். அவன் சிரித்தான்... பல்கீசின் கண்தான் நிறைந்தது.

அதற்குப் பிறகு தாள்கள் அவன் கைக்குப் போயின. முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்று அவன் எஞ்சின் உதிரிப்பாகங்களின் பெயர்போல் வாசித்துக் கேட்பான், அவள் பதில் சொல்வாள். எந்தக் கிழமையிலிருந்து அவனை நானா என்று கூப்பிடுவதை விட்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

பரீட்சையில் சித்தியடைந்தாள். முடிவு வந்த மறுநாள் படகில் மழைச் சாரல். கையில் தாள் இல்லை. இனிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது...

"ஒண்டு கேக்காம விட்டுட்டன்," என்றான் ஜவ்பர். "பொதுமைப்படல் எண்டா என்ன?"

"ஓரிடத்தில பழகினது வேற இடத்திலயும் வாறது."

"உதாரணம்?"

அவள் முகத்துச் சாரலைத் துடைத்தாள். தெரிந்த பதிலை ஒளிப்பது அவள் வழக்கமில்லை.

"இந்தப் படகில உங்களோட கதைச்சுப் பழகினன். இப்ப வீட்டுக் குசினியில சமைக்கக்குள்ளயும் உங்களோடதான் கதைக்கிறன்... மனசுக்குள்ள."

படகு நகரத்து இறங்குதுறையைத் தொட்டதும் ஜவ்பர் அவள் பக்கம் திரும்பினான்.

"வெள்ளிக்கிழமை உம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்கட வீட்ட வரட்டா?"

பல்கீஸ் அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"வியாழனே வாங்க."