அறிவித்தால் அறிவித்ததுதான்

ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர்தான். பட்டியலிலோ ஒன்பது பெயர். ஒன்பதாவது பெயர் அவளுடையது.

அவளை அங்கே எல்லோரும் டீச்சர் என்பார்கள். இணையத்தில் கூடி ஆடும் கொலைகாரன் ஆட்டத்துக்குப் புதியவர்களையும் நடுவர்களையும் பழக்குகிறவள். ‘ராத்திரி’ என்று நடுவர் சொன்னதும் எல்லோரும் மைக்கை அணைப்பார்கள். கொலைகாரன் ரகசியமாக ஒரு பெயரை அவருக்கு எழுதியனுப்புவான். ‘விடிந்ததும்’ செத்தது யாரென்று நடுவர் அறிவிப்பார்; மற்றவர்கள் பேசிப் பேசியே கொலைகாரனைப் பிடிக்க வேண்டும். இன்று நடுவர் பயிற்சிக்கு வந்தவர் ஒரு பெரியவர். ஆஸ்பத்திரிப் பிணவறையில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த டீச்சரையும் ஆட்டத்தில் சேர்த்துவிட்டார். கத்துக்குட்டிகள் வழக்கமாகச் செய்யும் தப்புதான். முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

பிற்பகல் மூன்று மணி. ஜன்னலில் வெயில் காய்ந்தது. பெரியவர் தொண்டையைச் செருமியபோது, சளி புரளும் அந்தச் சத்தம் ஹெட்போன் வழியாகக் காதுக்குள்ளேயே வழிவதுபோல் இருக்க, அதைக் காதிலிருந்து சற்றே விலக்கிக்கொண்டாள்.

“விடிஞ்சிருச்சு. நம்ம டீச்சர் போயிட்டாங்க. செத்து மூணு நாளாச்சு. வயிறு உப்பியிருக்கு. விரல்ல தோல் உறை மாதிரி கழண்டு வருது.”

“அடேங்கப்பா! சார் பின்றாரே!” என்று யாரோ சிரித்தார்கள். ச்சீ, என்ன மனுஷன் இவர் என்று முகத்தைச் சுளித்தாள்.

அப்போதுதான் அந்த வாடை. முதலில் நனைந்த சாக்குபோல லேசாக, பிறகு அதற்கடியிலிருந்து அழுகிய பழத்தின் தித்திப்பும் கெட்டுப்போன இறைச்சியின் கவிச்சியும் சேர்ந்து, மேசைக்கடியிலோ அலமாரியிலோ இல்லாமல், அவள் சட்டைக் கழுத்துக்குள்ளிருந்தே கிளம்பி மூக்கில் ஏறியது. இடுப்பு நாடா இறுகியது. மவுஸ் வழுக்கியது. கையை எடுத்தாள். சுட்டுவிரல் நகம் மவுஸோடு ஒட்டி நின்றுவிட்டது. வலிக்கவே இல்லை.

“சார், என் பேரைத் தப்பா சேர்த்திருக்கீங்க. எடுத்துடுங்க.”

“செத்தவங்க பேசக் கூடாதும்மா.”

“விளையாடாதீங்க சார்! எனக்கு நிஜமாவே என்னமோ ஆகுது!”

“நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? நடுவர் அறிவிச்சா அறிவிச்சதுதான், தப்பாவே இருந்தாலும் திருத்தக் கூடாதுன்னு.” அவர் குரலில் பணிவு குறையவே இல்லை. “நானும் முப்பது வருஷத்துல எழுதின ஒண்ணைக்கூட அடிச்சதில்லம்மா.”

அவள் மைக் அணைந்தது. அவர்தான் அணைத்தார்.

“என்னங்க!” என்று கத்த வாயைத் திறந்தாள். கணவன் கடைக்குப் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. வாயோரம் ஏதோ வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். கால் எங்கே? தெரியவில்லை.

வாசல் கதவு திறந்தது.

மதியம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்ட கணவன். தோளில் பயணப்பை. முகத்தில் மூன்று நாள் தாடி.

“மூணு நாளா ஏன் போனை எடுக்க...” என்றவன் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலைப்படியில் சரிந்தான். குடலைப் புரட்டி வாந்தியெடுத்தான்.

இங்கேதான் இருக்கேன். பாருங்க. உயிரோடதான் இருக்கேன்.

ஓர் ஈ வந்தது. அவளுடைய திறந்த கண்மணியின் மேல் உட்கார்ந்தது. மெதுவாக நடந்தது. ஆறு கால்களையும் அவள் பார்த்தாள். இமை மூடவில்லை.