இரண்டாவது எடை

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பகல் இரண்டு மணிதான். ஆனாலும் எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி. மிளகு மூட்டைகளின் வாசனையைத் தாண்டி, கால் பழகிய வழியில் நடந்து கோகிலா ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

கூடத்தின் நடுவே, பெரிய உளுந்து வடையைப் போல, எஃகு வளையம் ஒன்று குட்டைக் கால்கள் மேல் நின்றது. சூரியனுக்குள் அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்துதான் அத்தனை வெப்பமும் பிறக்கிறது. அதைச் சிறிய அளவில் நடத்திப் பார்ப்பதற்கான அணு இணைவு உலை அது. வளையம் உள்ளே குடைவு. ஓர் ஆள் குனிந்து நடக்கலாம். உள்ளே சுழலப்போகும் அனல் சுவரில் படாமல் காந்தங்கள் பிடித்து வைக்கும். அதனால் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூடக் கோணக் கூடாது. ஆனால் வெல்டிங் வைத்த இடம் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது பக்கத்துத் தகட்டையும் இழுக்கும். அந்த இழுப்பை அளப்பதுதான் கோகிலாவின் வேலை.

வளையத்தின் அடியில் தவழ்ந்துபோய் வடையின் ஓட்டைக்குள் உட்கார்ந்தாள். சுற்றிலும் எஃகுச் சுவர். அதில் வரிசையாகப் பதினாறு கண்ணாடி உருண்டைகள். நடுவிலிருந்த லேசர் கருவி ஒவ்வொன்றாகப் பார்த்து, எது எவ்வளவு நகர்ந்தது என்று திரையில் காட்டும். தலைமுடியின் பருமனில் பாதி இறங்கினாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

வளையத்தின் குடைவுக்குள் அவள் தம்பி யுவராஜ் கடைசி வெல்டிங்கைக் கை கிரைண்டரால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லி வாங்கித் தந்த வேலை. கல்யாணமாகி மூன்று மாதம். அடிவாரத்தில் மாமியார் வீட்டோடு இருக்கிறான். சீக்கிரம் மலை இறங்க வேண்டும் என்று, மற்றவர்கள் சாப்பிடப் போனபோதும் இவன் போகவில்லை.

“எங்க நிக்கற சாமி?” என்று வாக்கி டாக்கியில் கேட்டாள்.

“நீயே சொல்லேன்க்கா. உம் பொட்டி எல்லாம் சொல்லும்னியே.”

பதினோராவது உருண்டை மட்டும் முப்பது மைக்ரான் தாழ்ந்திருந்தது. அவன் எடை.

“பதினொண்ணு. கனத்துட்டியே. மாமியார் ஊட்டுச் சோறா?”

“கண்ணு வைக்காத.” சிரித்துக்கொண்டே கிரைண்டரை ஓட்டினான்.

அப்போது மூன்றாவது உருண்டை தாழ்ந்தது.

குளிரில் எஃகு சுருங்கியிருக்குமோ? சுருங்கினால் எல்லா உருண்டைகளும் சேர்ந்தல்லவா நகர வேண்டும்? மறுபடி அளந்தாள். மூன்று நிமிர்ந்துவிட்டது. நான்கு தாழ்ந்திருந்தது.

பிறகு ஐந்து.

“யுவராஜு, உன்கூட யாரு?”

“யாருமில்லீங்க மேடம். எல்லாம் சோத்துக்குப் போயாச்சு.”

ஆறு. ஐம்பது மைக்ரான். அவனைவிடக் கனம்.

ஏழு.

ஏழாவது உருண்டை கோகிலாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மெல்லத் திரும்பி, சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கிரைண்டர் ஓடும்போது வளையம் முழுவதும் அதிரும். கை வைத்த இடத்தில் மட்டும் அதிர்வு இல்லை. அடித்த மணியைக் கையால் பிடித்தால் அடங்குமே, அப்படி. அந்தப் பக்கமிருந்து ஏதோ அதே இடத்தை அழுத்திப் பிடித்திருந்தது.

ஈர மண்ணின் வாடை வந்தது.

எட்டு.

“கிரைண்டரை நிறுத்து,” குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “வெளிய வா. என்னன்னு கேக்காத.”

“இன்னும் ஒரு சாண்தாங்க்கா.”

“கண்ணு, வா.”

அவள் குரலில் எதையோ கேட்டிருக்க வேண்டும். கிரைண்டர் நின்றது. ஆள் நுழையும் வாசல் பதினான்கில் இருந்தது. யுவராஜின் முப்பது மைக்ரான் பன்னிரண்டுக்கு நகர்ந்தது. பின்னால் ஐம்பது மைக்ரான், பத்தில்.

பதின்மூன்று.

பதினொன்று.

“ஓடாத. திரும்பிப் பாக்காத. வா.”

பதினான்கு.

பன்னிரண்டு, பதின்மூன்று இரண்டும் ஒரே அளவீட்டுக்குள் அடுத்தடுத்துத் தாழ்ந்து நிமிர்ந்தன. அது வேகம் பிடித்திருந்தது.

அடுத்த அளவீட்டில் பதினாறு உருண்டைகளும் பூஜ்யம். தம்பி வெளியே வந்துவிட்டான். உள்ளே ஒன்றுமில்லை. கோகிலா மூச்சு விட்டாள்.

பிறகுதான் உறைத்தது. உள்ளே ஒன்றுமில்லை.

முட்டி தேயத் தவழ்ந்து வெளியே ஓடினாள். கூடத்து வாசலில், பனிக்குள், யுவராஜ் பைக்கின் அருகே நின்று கை துடைத்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

“மீதிய நாளைக்குத் தேய்க்கறேன்க்கா. எழுபது வளைவு இறங்கோணும்.”

“போகாத. பஸ்ஸுல போலாம். நானும் வாரேன்.”

அவன் கேட்காதவன்போல ஏறி உட்கார்ந்தான். பின் சக்கரத்து ஸ்பிரிங் அமுங்கி நின்றது. எவ்வளவு பாரமோ அவ்வளவுதான் ஸ்பிரிங் அமுங்கும். அது பொய் சொல்லாது. அவள் அதையே பார்த்தபடி வண்டியை நோக்கி நடந்தாள்.

ஸ்பிரிங் இன்னொரு முறை, மெதுவாக, அமுங்கியது.

யுவராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஏறியவருக்கு இடம் விடுவதுபோல, கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.